பெட்டகத்துப் படம்

பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டின் நடு அறையிலே அம்மம்மாவின் சீதனப் பெட்டகம் ஒன்று இருக்கிறது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத முடிவில் வலிகாமத்து மக்கள் எல்லாரும் பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, தூக்க முடியாத காரணத்தால் விட்டுச் செல்லப்பட்டது அது. மீண்டு வந்தவர்கள் கண்டது பூட்டுடைந்த வெறும் பெட்டகத்தை. பெட்டகமாவது மிஞ்சியதே என்று அம்மம்மா இன்றும் சொல்லுவார். இப்பொழுது அதற்குள்ளே காணி உறுதிகளும், அம்மாவின் கூறைச்சேலையும், எங்கள் எல்லாருடைய சாதகக் குறிப்புகளும் இருக்கின்றன. சாதகங்களுக்கு மேலே, மண்ணிற உறை ஒன்றினுள், தம்பியின் மூளையின் படம் இருக்கிறது.

படம் என்று ஒருமையிற் சொல்வது பிழை. பெரிய கருந்தாள் ஒன்றிலே வரிசைக்கு ஐந்தாக நாலு வரிசை, ஆக இருபது சிறு படங்கள். ஒவ்வொன்றும் மூளையை ஒவ்வொரு மட்டத்திலே குறுக்காக வெட்டிக் காட்டுவது போன்றது. சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மடிப்பு மடிப்பாகச் சாம்பல் நிறமும் வெண்மையும் தெரியும். மூலையிலே தம்பியின் பெயரும் வயதும் ஆங்கில எழுத்தில். வயது நாலு; ஆண்டு 2015.

கலைப்பீடத்து மாணவி ஒருத்தி மூளையைப்பற்றி எழுதத் துணிவது அடாத செயலென்று மருத்துவபீட நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். அந்தப் படத்திலே என்ன தெரிகிறது என்பதை அவர்கள் சொல்லலாம். அதிலே என்ன தெரியவேண்டுமென்று எங்கள் வீடு காத்திருந்தது என்பதை நான்தான் சொல்லவேண்டும்.

தம்பி 2010ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே பிறந்தான். அழகான பிள்ளை. நடை நேரத்துக்கு வந்தது, பேச்சு வரவில்லை. தண்ணீர் இறைக்கும் மோட்டரின் ஓசை கேட்டால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடி ஒளிவான். வேலியிற் கிளுவை இலைகளைக் கொய்து முற்றத்திலே நேர்கோடாக அடுக்குவான்; கோழி கிளறி ஓர் இலை விலகினாலும் முழுவதையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பான். ஆனால் பாண் விற்கும் முச்சக்கரவண்டியின் சங்கீதம் மூன்று வளவுக்கு அப்பால் கேட்டாலும் படலைக்கு ஓடிவிடுவான். ஆகவே காது கேளாமை அன்று.

எங்களூரில் ஒரு பிள்ளைக்குக் குறையென்றால் முதலிலே தேடப்படுவது மருந்து அன்று, காரணம். காரணம் தேடும் விரலும் வெகுதூரம் போவதில்லை; தாயின் பக்கமே நீளும். 2010ஆம் ஆண்டு தை 15ஆம் நாள் யாழ்ப்பாணத்திலே சூரிய கிரகணம். கங்கணம்போலச் சூரியன் வளையமாய் நின்ற அந்தக் காட்சியைக் காண எங்கிருந்தெல்லாமோ சனங்கள் வந்தார்களாம். அம்மா அன்று மூன்று மாதக் கர்ப்பிணி. நண்பகல் கடந்து, கொடியில் உலர்ந்த துணியை எடுக்க வெளியே வந்துவிட்டாராம். நாலு ஆண்டுகளாக அப்பாச்சி அந்தத் துணிக்கொடியை மறக்கவில்லை. அம்மா முன்பள்ளி ஆசிரியை. "ஊர்ப் பிள்ளையளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கப் போனவ, தன்ரை பிள்ளையைப் பாக்கேல்லை" என்று ஒரு மாமி சொன்னா. பிள்ளையின் கையிலே போனைக் கொடுத்து வளர்த்ததால் வந்த வினை என்றார் மற்றொருவர். பரியாரியாரின் எண்ணெய், நேர்த்தி, நூல் கட்டுதல் எல்லாம் நடந்தன. அவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீடுகளில் நடப்பவைதாம்.

பின்னர் ஒரு வைத்தியர் தம்பியைச் சில நிமிடம் பார்த்துவிட்டு, மூளையை எம். ஆர். ஐ. ஸ்கான் எடுத்துப் பார்க்கலாம் என்றார். அவர் அதை எத்துணை இலேசாகச் சொன்னாரோ அத்துணை கனமாக அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். அப்பொழுது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவின் முகத்தில் வந்த தெளிவு எனக்கு விளங்கவில்லை. இப்பொழுது விளங்குகிறது. படத்திலே ஒரு பழுது தெரிந்துவிட்டால் அது கிரகணமும் அன்று, முன்பள்ளியும் அன்று, போனும் அன்று. தன் பிள்ளையின் மூளையிலே பழுது ஒன்று காணப்படவேண்டும் என்று ஒரு தாய் கோயிலில் நேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

காப்புச் சோடி அடகுக்குப் போயிற்று. இருபத்துநாலு ஆண்டுகள் ஓடாதிருந்த யாழ்தேவி 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்திருந்தது, அதிலே போனோம். வெள்ளவத்தையில் மாமா வீடு. மறுநாட் காலை தனியார் வைத்தியசாலை. படம் எடுக்கும் அறை வாசலிலே, உள்ளே வருபவர் உடம்பிலே உலோகம் எதுவும் இருத்தலாகாது என்றார்கள். அம்மா தோட்டைக் கழற்றினார். கொண்டை ஊசியைக் கழற்றினார். தாலிக்கொடியிலே கைவைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மாமா உள்ளே போனார். தம்பிக்கு மயக்கமருந்து கொடுத்திருந்தார்கள். கதவுக்கு அப்பாலிருந்து, கருங்கல் உடைக்கும் பொறியின் சத்தம் போன்ற பேரோசை விட்டுவிட்டுக் கேட்டது. தண்ணீர் மோட்டருக்கே நடுங்குகின்ற பிள்ளை அதற்குள்ளே கிடந்தான்.

பின்னேரம் அறிக்கை வந்தது. ஒரு பக்கம், ஆங்கிலத்தில். மாமா முழுவதையும் வாசித்துவிட்டு மலர்ந்த முகத்தோடு, "ஒண்டுமில்லையாம் அக்கா. மூளையிலை ஒரு பழுதும் இல்லையாம்" என்றார். அம்மா வாங்கிலே இருந்தார். மாமா ஏன் மகிழ்கிறார் என்பதே அவருக்கு விளங்கவில்லை என்று நினைக்கிறேன். திரும்பி வரும் வழியில், புகையிரதம் வவுனியாவைத் தாண்டிய பின்னர், சன்னலைப் பார்த்தபடியே, "அப்ப எல்லாம் என்னிலைதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின் அப்பாச்சி சொன்னதும் அதுவே. சற்று உரத்த குரலிற் சொன்னார், அவ்வளவே வேறுபாடு.

அந்தப் பொறியைப்பற்றிப் பேராதனைக்கு வந்து, உளவியலைத் துணைப்பாடமாக எடுத்த பின்னரே அறிந்தேன். எங்கள் உடம்பிலே பெரும்பங்கு நீர். நீரிலே ஐதரசன். அந்த ஐதரசனின் கருக்கள் நுண்ணிய காந்தங்களைப் போன்றவை. வைத்தியசாலைகளில் வழக்கமாக உள்ள 1.5 ரெஸ்லாப் பொறியின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையுடையது. அதனுள்ளே அக்கருக்களிற் சில ஒரு திசைப்பட நிற்கின்றன. வானொலி அலையொன்றை அவற்றின் அதிர்வுக்குப் பொருந்தச் செலுத்தினால் சாய்கின்றன. அலை நின்றதும் மீள்கின்றன. மீளும்போது விடுக்கும் மெல்லிய சமிக்ஞையைக் கொண்டு கணினி படம் வரைகிறது. பொருத்தமான அலைக்கு மட்டும் இவ்வாறு இசைந்தெழுவதை எங்கள் பாடசாலைப் பௌதிக நூல்கள் பரிவு என்று அழைக்கின்றன. காந்தப் பரிவுப் படம் என்பது நல்ல தமிழ்தான். ஆனால் அன்று அந்த வாசலில் எங்களுக்கு அந்தச் சொல்லை எவரும் சொல்லவில்லை.

உயிரோடிருக்கும் ஒருவரின் மூளையைக் காண்பது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. சாதாரண எக்ஸ் கதிர்ப்படத்திலே மண்டையோடு தெரியும், மூளை தெரியாது. 1919இல் வோல்டர் டண்டி என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர், மூளையைச் சூழ்ந்த நீரை வடித்துக் காற்றைப் புகுத்திப் படமெடுக்கும் முறையொன்றைக் கண்டார். அது நோயாளரை வாட்டி எடுத்த முறை. 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் நாள், இலண்டனிலே, கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த பொறியிலே முதல் நோயாளியின் மூளை கணினியின் துணையோடு படமாக்கப்பட்டது. இசைத்தட்டு வெளியிட்டுப் பொருளீட்டிய ஈ. எம். ஐ. நிறுவனத்தில் வேலைபார்த்த பொறியியலாளர் அவர். இது சி. ரி. ஸ்கான், எம். ஆர். ஐ. பின்னர் வந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1976இல், ஈவ் ஜோன்ஸ்டன், திமொதி குரோ முதலியோர், நீண்டகாலம் வைத்தியசாலையிலேயே வாழ்ந்த மனச்சிதைவு நோயாளர் 17 பேரை அதிலே படமெடுத்தனர். மூளையின் நடுவிலே நீர் நிறைந்த அறைகள் உண்டு; நோயற்றவர்களிலும் பார்க்க இவர்களுக்கு அந்த அறைகள் சராசரியாகப் பெரியனவாகக் காணப்பட்டன.

இதிலே என்ன புதுமை என்று கேட்கலாம். மனச்சிதைவை விளைவிக்கும் தாய் என்றொரு தொடரை 1948இல் எழுதியவர் பிறீடா புறொம்-றைக்மன் என்ற உளப்பகுப்பு மருத்துவர். அதன்பின் பல காலம் மேல்நாட்டுத் தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தனர். ஓட்டிசத்துக்கும் அதே கதிதான். லியோ கானர் 1943இல் 11 பிள்ளைகளைப்பற்றி எழுதி அதனை உலகுக்கு அறியத் தந்தார். பெற்றோரின் குளிர்ந்த சுபாவத்தைப்பற்றி அவர் எழுதியவை விதையாக விழ, புறூனோ பெற்றல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அதை மரமாக்கிற்று. தாயிடத்து அன்பில்லாமையாற் பிள்ளை தனக்குள்ளே ஒடுங்கிவிட்டது என்பது கொள்கை. இதை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் அப்பாச்சி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரும் அவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்! துணிக்கொடி மட்டுமே குறை.

மூளைப்படம் வந்துதான் அந்தத் தாய்மாரை மீட்டது என்று நான் முதலில் எண்ணினேன். அப்படியன்று. பேர்னாட் றிம்லண்ட் என்னும் உளவியலாளர், தாமே அத்தகைய பிள்ளையொன்றின் தந்தை, 1964இலேயே அந்தக் கொள்கையை மறுத்து நூலெழுதினார். 1977இல் சூசன் போல்ஸ்ரீனும் மைக்கல் றட்டரும் இரட்டைப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் 11 சோடி. இரு கருவாக வளர்ந்த இரட்டையர் 10 சோடி. ஒவ்வொரு சோடியிலும் குறைந்தது ஒருவருக்கு ஓட்டிசம். மற்றவருக்கும் அது இருந்தது முதல் வகையில் 4 சோடியில். இரண்டாம் வகையில் ஒன்றிலும் இல்லை. ஒரே தாய், ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. ஆயினும் பரம்பரையின் நெருக்கம் வேறுபட முடிவும் வேறுபட்டது. காந்தமும் கணினியும் இல்லாமல், வெறுமனே எண்ணியதால் வந்த உண்மை இது. கானரும் 1969இல், பெற்றோர் கூடிய சபையொன்றிலே, அவர்கள்மீது பழியில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பண்டத்தரிப்புக்கு அந்தச் செய்தி வந்துசேரவில்லை.

படங்களுக்கு வருவோம். 1976இற்குப் பின்னர் மூளையைப் படமெடுத்துச் செய்த ஆய்வுகள் ஆயிரமாயிரம். அவை சொல்வனவற்றிலே பெரும்பாலானவை கூட்டத்தைப்பற்றியவை, ஒருவரைப்பற்றியவை அல்ல. எங்கள் பீடத்து ஆண்கள் சராசரியாகப் பெண்களிலும் உயரமானவர்கள். ஆயினும் ஐந்தடி நாலங்குல உயரமான ஒருவர் கதவுக்கு அப்பால் நிற்கிறார் என்று மட்டும் சொன்னால், அது ஆணா பெண்ணா என்று எவரால் அறுதியிட முடியும்? மனச்சிதைவு நோயாளரின் மூளை அறைகள் சராசரியிற் பெரியன. ஆனால் பெரிய அறையுடைய சுகதேகிகளும் உளர், சிறிய அறையுடைய நோயாளரும் உளர். ஓட்டிசத்திலும் அவ்வாறே. கட்டியோ, இரத்தக் கசிவோ, பிறவியிலே மூளை உருவாவதில் ஏற்பட்ட பெரும் பழுதோ இருந்தால் ஸ்கான் காட்டும். இவை ஒன்றும் இல்லாத பிள்ளையின் மூளை, படத்தை வாசிக்கும் நிபுணரின் கண்ணுக்கு வேறெந்தப் பிள்ளையின் மூளையையும் போன்றதே. பழுதில்லை என்ற அந்த அறிக்கை பொய் சொல்லவில்லை. தம்பியின் மூளை வேறு வகையாக இயங்கவில்லை என்றும் அது சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஆற்றல் அந்தப் படத்துக்கு இல்லை. இதை இரண்டு வசனத்தில் அன்று யாராவது அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம்.

வலிப்போ நரம்புமண்டலப் பழுதின் வேறு குறிகளோ இல்லாத ஓட்டிசப் பிள்ளைகளுக்கு வழக்கமாக ஸ்கான் எடுப்பதற்கு ஆதாரமில்லை என்பதை அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருந்தது என்பதையும் பின்னர் வாசித்தேன். காப்புச் சோடியை நினைத்துக்கொண்டேன்.

இந்த ஆய்வாளர்களிடத்திலே எனக்குப் பிடித்தது, தங்களைத் தாங்களே கேலிசெய்துகொள்ளும் துணிவு. மூளையின் எப்பகுதி இயங்குகிறது என்பதை அங்கு பாயும் இரத்தத்தின் ஒட்சிசன் மாற்றத்தால் அறியும் முறையை 1990இல் செய்ஜி ஒகாவா என்ற யப்பானிய அறிஞர் காட்டினார். அதன்பின், கோபம் தோன்றும் இடம், அன்பு தோன்றும் இடம் என்றெல்லாம் வண்ணப் புள்ளியிட்ட படங்கள் பத்திரிகைகளை நிறைத்தன. 2009இல் கிறேக் பெனற் என்ற ஆய்வாளரும் நண்பர்களும் கடையிலே செத்த சமன் மீன் ஒன்றை வாங்கிப் பொறியினுள் வைத்து, மனிதர்களின் நிழற்படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்று முறைப்படி அதனைக் கேட்டார்கள். பலரும் கவனமின்றிச் செய்வதுபோலக் கணக்கைச் செய்தபோது மீனின் மூளையிலே சிவப்புப் புள்ளி தோன்றிற்று! பல்லாயிரம் இடங்களைத் தனித்தனி சோதித்தால் எங்கேனும் ஒரிடத்திலே தற்செயலாக ஒரு குறி விழும். லொத்தர்ச் சீட்டு ஆயிரம் வாங்கியவனுக்கு ஏதாவது ஒன்று விழுவதைப்போல. அதற்கேற்பக் கணக்கைத் திருத்திச் செய்தபோது புள்ளி மறைந்தது. மாதகற் கரையிலே மீன் வாங்கப் போகும் எங்கள் சனங்களுக்கு, செத்த மீன் எதையும் யோசிப்பதில்லை என்று அறிய இத்தனை பெரிய காந்தம் வேண்டியதில்லை. ஆயினும் பாடம் பெரியது. 2022இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஆய்வொன்று இன்னும் மேலே சென்றது. மூளைப்படத்தையும் ஒருவரின் நடத்தையையும் தொடர்புபடுத்தி நம்பத்தக்க முடிவு காண ஆயிரக்கணக்கானவர்களைப் படமெடுக்க வேண்டும், இருபது முப்பது பேரைக் கொண்டு கண்ட பல முடிவுகள் மீளச் செய்தால் நிலைக்கமாட்டா என்பது அதன் சாரம்.

எல்லாம் வீணென்று நான் சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கையிலே ஓர் அண்ணர் இருந்தார். இளவயதிலே மனச்சிதைவு வந்து, மருந்து தொடங்கியபின் குரல்கள் அடங்கின, உடம்போ மரக்கட்டையாயிற்று. கை வீசாமல், குறுகிய அடிவைத்து, சந்திக்குப் போய்வருவார். 1988இல் சுவீடனிலே லார்ஸ் பார்டே குழுவினர், வேறொரு வகைப் படப்பொறியால், இம்மருந்துகள் மூளையில் டொப்பமின் என்ற இரசாயனத்தின் வாங்கிகளை எவ்வளவு அடைக்கின்றன என்று உயிருள்ள நோயாளரிலே அளந்து காட்டினர். பின்வந்த ஆய்வுகள், ஏறத்தாழ நூற்றுக்கு 65 பங்கு அடைபட்டால் மருந்து பலிக்கத் தொடங்குகிறது, 80ஐ நெருங்கினால் உடம்பு இறுகத் தொடங்குகிறது என்று கண்டன. பழைய காலத்துப் பெரும் அளவுகள் வேண்டாதவை என்பது அதனால் உறுதியாயிற்று. அந்த அண்ணரின் மருந்தளவு குறைக்கப்பட்டதும், அவர் மறுபடி சைக்கிள் ஓடியதும் நான் கண்ணாற் கண்டவை. அவரை எவரும் படமெடுக்கவில்லை. எங்கோ சிலரை எடுத்த படத்தின் பயன் வடலியடைப்புப் பாதைவரை வந்திருக்கிறது.

ஓட்டிசத்திலும் 2017இல் ஒரு செய்தி வந்தது. மூத்த சகோதரர் ஒருவருக்கு ஓட்டிசம் உள்ள கைக்குழந்தைகளை, மயக்கமருந்து இன்றி, இயல்பான உறக்கத்திலேயே 6, 12, 24 மாதங்களில் அமெரிக்க ஆய்வாளர் படமெடுத்தனர். பின்னர் ஓட்டிசம் என்று தெளிந்த பிள்ளைகளுக்கு முதலாண்டின் பிற்பாதியிலே மூளையின் மேற்பரப்பு மிகையாக விரிந்திருந்தது. வைத்தியசாலைகளில் வழங்கும் முறையாக அது இன்னும் ஆகவில்லை. எனினும், இலைகளை அடுக்குவதற்கு வெகுமுன்னே, எவரும் போனைக் கையிலே கொடுப்பதற்கும் முன்னே, ஏதோ ஒன்று தொடங்கிவிடுகிறது என்பதை அது சொல்கிறது. இதை நான் அப்பாச்சிக்கு விளக்கினேன். கேட்டிருந்துவிட்டு, "அப்ப கிரகணம் எண்டு நான் சொன்னது சரிதானே, வயித்திலையே துவங்கீற்று" என்றார்.

சொற்களைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அது எங்கள் பீடத்தின் வேலை. தமிழகத்திலே ஓட்டிசத்துக்கு மதியிறுக்கம் என்றொரு சொல் வழங்குகிறது. எனக்கு அதிலே உடன்பாடில்லை. மதி இறுகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிக் கதவைச் சாத்தும் சொல் அது. கிரேக்கத்திலே தான் என்று பொருள்படும் அடியிலிருந்து ஓட்டிசம் என்ற சொல்லை ஆக்கியவர் சுவிஸ் மருத்துவர் ஒய்கன் பிளொய்லர். மனப்பிளவு என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை மற்ற நோய்க்கு இட்டவரும் அவரே. அந்தப் பெயரைத் தங்கள் மொழியிற் பெயர்த்து வழங்கிய யப்பானியர், அது நோயாளரை இழிவுபடுத்துகிறதென்று கண்டு 2002இல் மாற்றிக்கொண்டார்கள். மருத்துவத்தைத் தமிழிலே சொல்ல முடியாதென்பார்க்கு, எங்கள் வீட்டிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயிலே 1860களில் சாமுவேல் கிறீன் வைத்தியர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார் என்பதையும், அங்காதிபாதம் முதலாய நூல்கள் அவரால் தமிழாயின என்பதையும் சொல்லலாம். நூற்றைம்பது ஆண்டு கழித்து, அதே வட்டாரத்துத் தாய் ஒருத்தியிடம், அவள் வாசிக்க முடியாத ஒரு பக்கம் நீட்டப்பட்டது.

கிறீனுக்கு முன்னே எங்கள் ஊருக்கே ஒரு வைத்தியர் வந்திருக்கிறார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் இருந்துகொண்டு மருந்து கொடுக்கத் தொடங்கினார். அவருடைய பேர்த்தி ஐடா ஸ்கடர் தொடங்கியதே வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. இந்த உறவை அறிந்தபோது எனக்கு ஊர்ப்பற்று சற்று மிகுந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏனெனில் மனநோய் மருத்துவத்திலே வேலூர் செய்த ஒரு காரியம் உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையிலே வித்யா சாகர் என்ற மருத்துவர், வளவிலே கூடாரமடித்து நோயாளரின் உறவினரை அவர்களோடேயே தங்கவைத்தார். அதே பத்தாண்டில் வேலூரிலும் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறும் வழக்கம் வேரூன்றிற்று. வளர்ச்சிக் குறையுள்ள பிள்ளைகளும் தாய்மாரும் ஒருங்கே தங்கிப் பயிற்சி பெறும் இடமும் அங்கே பின்னர் அமைந்தது. மேல்நாட்டிலே தாயைக் குற்றவாளியாக நிறுத்திய அதே காலத்தில், இங்கே தாயை வைத்தியரின் பக்கத்தில் இருத்தியிருக்கிறார்கள்.

அந்த வழியிலே வந்ததென்று நான் கருதும் ஆய்வொன்றைப் பேராதனை நூலகத்துக் கணினியில் வாசித்தேன். இந்தியாவில் கோவாவிலும் பாகிஸ்தானில் றாவல்பிண்டியிலும் ஓட்டிசமுள்ள 65 பிள்ளைகளின் குடும்பங்களைக் கொண்டு நடந்தது. 2016இல் லான்செற் மனமருத்துவச் சஞ்சிகையில் அச்சாயிற்று. முன்னரே இங்கிலாந்திலே 152 பிள்ளைகளுடன் நடத்தி 2010இல் வெளியிட்ட முறையொன்றை நம் போன்ற வீடுகளுக்கேற்ப மாற்றியிருந்தார்கள். நிபுணர் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதார ஊழியர் வீட்டுக்கு வருகிறார். தாயும் பிள்ளையும் விளையாடுவதைச் சிறிதுநேரம் படமாக்குகிறார். பின் தாயோடு இருந்து அதைப் பார்க்கிறார். பிழை பிடிப்பதற்கன்று. பிள்ளை தாயை நாடிய கணத்தை, தாய் அதை ஏற்ற கணத்தை நிறுத்திக் காட்டுவதற்கு. ஓட்டிசப் பிள்ளையின் அழைப்பு மிகச் சிறியது. மற்றப் பிள்ளைகளின் அழைப்புக்குப் பழகிய கண்ணுக்கு அது தப்பிவிடும். அக்குடும்பங்களிலே தாயின் இசைவு பெருகிற்று. பிள்ளைகள் தாமாகத் தொடங்கும் தொடர்பும் பெருகிற்று. ஓட்டிசம் மாறிவிட்டதென்று அவர்கள் சொல்லவில்லை. அம்மா காப்பை அடகு வைத்த காலத்தை ஒட்டியே இது நடந்துகொண்டிருந்தது என்பது மட்டும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

தம்பிக்கு இப்பொழுது பதினைந்து வயது. யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பயிற்சியாலும் அம்மாவின் பொறுமையாலும் சில சொற்கள் வந்திருக்கின்றன. தண்ணி, பாண், அக்கா. சென்ற விடுமுறையிலே வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த முறையை நானே செய்துபார்க்க ஆசைப்பட்டேன். எனக்குப் பயிற்சி இல்லை. அது சிகிச்சையும் அன்று. அதைவிட, பழிசொல்லும் இன்னுமொரு விரலாக நானும் ஆகிவிடுவேனோ என்ற அச்சம் இருந்தது. அம்மா குசினி விறாந்தையிலே முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். தம்பி பக்கத்திலே, இலை உருவிய ஈர்க்குகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். போனை உரலிலே சாத்திவைத்துப் பத்து நிமிடம் படமாக்கினேன்.

இரவு அம்மாவோடு இருந்து பார்த்தேன். தன் சேலை அழுக்கென்றும், என்னிடம் முதலே சொல்லியிருக்கலாமென்றும் குறைப்பட்டார். ஓர் இடத்திலே நிறுத்தினேன். தம்பி ஓர் ஈர்க்கை எடுத்து அம்மாவின் முழங்காலருகே வைக்கிறான். வைத்துவிட்டு முகத்தை நிமிர்த்தி அம்மாவைப் பார்க்கிறான். ஒரு கணந்தான். அம்மா என்னோடு கடைச்சாமான் விலையைப்பற்றிக் கதைத்தபடியே அந்த ஈர்க்கைக் குப்பைக் கடகத்துக்குள் தள்ளுகிறார். சிறிது நேரத்தில் இன்னொன்றை வைக்கிறான், பார்க்கிறான். மூன்றாம் முறையும் அப்படியே.

சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மா போனை வாங்கி, தாமே விரலால் இழுத்து, அந்த இடத்தைத் திரும்பப் போட்டார். பிறகும் போட்டார். "என்னைப் பாக்கிறான் என்ன?" என்றார். சற்றுப் பொறுத்து, "எத்தினை நாளாய் இப்பிடிச் செய்யிறானோ" என்றார். அந்தக் குரலிலே நான் அஞ்சியது இருக்கவில்லை.

மறுநாள் முருங்கையிலைக்கு வேலையில்லை. கறிக்கு வேறு மரக்கறி இருந்தது. அம்மா ஆயினும் கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு போய் ஒரு கொப்பை முறித்து வந்து விறாந்தையில் இருந்தார். தம்பி வந்து பக்கத்தில் இருந்தான். முதல் ஈர்க்கு முழங்காலருகே வந்ததும் அம்மா அதை எடுத்து, அவனுடைய வரிசையின் கடைசியிலே, நேராக, வைத்தார். தம்பி வரிசையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு ஒரு கைப்பிடி ஈர்க்கை அள்ளி அம்மாவின் மடியிலே போட்டான்.